நிலக்கரி யார் கையில்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சுரங்கம், நாட்டுடைமை, மத்திய – மாநில அதிகாரம் குறித்து வந்த கடிதங்களிலிருந்து எடுத்த கேள்விகள் இவை. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்த இடத்தில் ஒரு கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டோம்.

கேள்வி: கனிம வளம் மாநிலத்துக்குச் சொந்தம் என்று படிக்கிறோம். அப்படியானால் 1973இல் மத்திய அரசு நாட்டிலிருந்த நிலக்கரிச் சுரங்கங்களை எப்படி எடுத்துக்கொண்டது?
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: சொந்தம் வேறு, சட்டம் போடும் அதிகாரம் வேறு. ஜமீன் ஒழிப்புச் சட்டங்களுக்குப் பிறகு பெரும்பாலான நிலத்தடிக் கனிமம் மாநில அரசுகளின் சொத்தாகிவிட்டது. அதை எப்படி எடுப்பது, யாருக்குக் கொடுப்பது என்று சட்டம் போடும் அதிகாரமும் அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 23ஆம் இனமாக இருக்கிறது. ஆனால் அந்த வரியிலேயே, மத்தியப் பட்டியலுக்கு உட்பட்டு என்று ஒரு நிபந்தனை உண்டு. மத்தியப் பட்டியலின் 54ஆம் இனம் என்ன சொல்கிறது? பொதுநலன் கருதிச் சுரங்கக் கட்டுப்பாடு மத்திய அரசிடம் இருக்க வேண்டும் என்று நாடாளுமன்றம் சட்டத்தின் மூலம் அறிவித்தால், அறிவித்த அளவுக்கு மாநிலத்தின் அதிகாரம் போய்விடும். தொழில்களுக்கும் இதே ஏற்பாடுதான். மாநிலப் பட்டியலில் 24, மத்தியப் பட்டியலில் 52.

தொழில்களுக்கான அறிவிப்பு 1951லேயே வந்தது. கனிமங்களுக்கானது 1957ஆம் ஆண்டுச் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டத்தின் 2ஆம் பிரிவில் இருக்கிறது. அதிலிருந்தே நிலக்கரிக் குத்தகை கொடுக்க மாநிலத்துக்கு மத்திய அரசின் முன் ஒப்புதல் தேவைப்பட்டது. கையெழுத்து மாநிலத்தினுடையது, முடிவு டெல்லியினுடையது என்ற நிலை நாட்டுடைமைக்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது.

1973ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்து 3ஆம் பிரிவையும் 4ஆம் பிரிவையும் அடுத்தடுத்துப் படியுங்கள். 3ஆம் பிரிவு, தனியார் முதலாளிகளின் உரிமைகள் முழுவதையும் மத்திய அரசுக்கு மாற்றுகிறது. 4ஆம் பிரிவு, மாநில அரசு கொடுத்த குத்தகைகளில் பழைய முதலாளியின் இடத்தில் மத்திய அரசு குத்தகைதாரராக வந்து உட்கார்ந்ததாகக் கருத வேண்டும் என்கிறது. ஆக, அந்தச் சுரங்கங்களில் மாநிலம் நிலத்தின் உடைமையாளராகவே நீடித்தது, டெல்லி குடித்தனக்காரரானது. ஆனால் வாடகை எவ்வளவு என்று தீர்மானிக்கும் அதிகாரம் அந்தக் குடித்தனக்காரரிடமே இருந்தது. ராயல்டி, அதாவது வெட்டி எடுக்கும் கனிமத்துக்காகக் கட்டும் தொகை, எவ்வளவு என்று நிர்ணயிப்பது 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி மத்திய அரசுதானே! அடுத்த ஐம்பது ஆண்டுச் சண்டையும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

கேள்வி: மத்தியில் ஒரு கட்சி, மாநிலத்தில் வேறு கட்சி என்றால்தான் இந்த மோதல் வரும் என்கிறார்கள். சரிதானா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

பதில்: இல்லை. இந்த வழக்குகளுக்கெல்லாம் தாய் வழக்கு காங்கிரஸ் அரசு ஒன்று காங்கிரஸ் அரசின் மேல் போட்டது.

1956ஆம் ஆண்டுத் தொழில் கொள்கைத் தீர்மானம் நிலக்கரியை அரசுக்கென்று ஒதுக்கிய தொழில்களின் பட்டியலில் வைத்தது. எந்த அரசு என்பதில்தான் பிணக்கு. மேற்கு வங்கத்தில் முதலமைச்சர் பி.சி. ராய், 1953ஆம் ஆண்டு நில உடைமை ஒழிப்புச் சட்டத்தின் மூலம் ஜமீன்தார்களிடமிருந்து நிலக்கரி நிலங்களை மாநிலத்துக்குக் கொண்டுவந்திருந்தார். அதை மாநிலமே தோண்ட வேண்டும் என்பது அவர் திட்டம். டெல்லி 1957இல் நிலக்கரி நிலங்கள் கையகப்படுத்தல் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன்கீழ் 1959 செப்டம்பரிலும் 1960 ஜனவரியிலும் வெளியிட்ட அறிவிக்கைகளில் மேற்கு வங்க அரசுக்குச் சொந்தமான நிலமும் இருந்தது. அரசியல் சட்டத்தின் 131ஆவது பிரிவின்படி மாநிலம் நேரடியாக உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

மாநிலத்தின் வாதம் நேரானது. தன் எல்லைக்குள் மாநிலம் இறையாண்மை உடையது, இன்னோர் அரசின் சொத்தை நாடாளுமன்றம் கட்டாயமாகப் பறிக்க முடியாது. 1962 டிசம்பர் 21 அன்று தீர்ப்பு வந்தது. தலைமை நீதிபதி பி.பி. சின்ஹாவும் பெரும்பான்மை நீதிபதிகளும் இந்திய மாநிலங்களுக்கு அப்படிப்பட்ட இறையாண்மை கிடையாது, பொதுப்பட்டியலின் 42ஆம் இனத்திலுள்ள கையகப்படுத்தும் அதிகாரம் மாநிலச் சொத்துக்கும் பொருந்தும் என்றார்கள். நீதிபதி சுப்பா ராவ் மட்டும் மாறுபட்டார். மத்திய அரசும் மாநில அரசும் தத்தம் வரம்புக்குள் சமமானவை, ஒன்றின் சொத்தை மற்றொன்று எடுக்க முடிந்தால் கூட்டாட்சி நிற்காது என்பது அவர் கருத்து. தீர்ப்பைக் காண பி.சி. ராய் உயிரோடு இல்லை. அதே ஆண்டு ஜூலை 1இல் காலமாகிவிட்டார்.

என் பார்வையில் சுப்பா ராவின் தீர்ப்புரை இன்றும் படிக்க வேண்டிய ஒன்று. பெரும்பான்மைத் தீர்ப்பு சட்டத்தின் சொற்களுக்குச் சரியாக இருக்கலாம். ஆனால் ஒரு மாநிலம் தன் சொத்தைக் கொண்டு தானே தொழில் நடத்தும் வாய்ப்பு அன்றோடு பெரிதும் சுருங்கிப்போனது. நாட்டுடைமைக்கு எதிராக மாநிலங்கள் 1973இல் வழக்குமன்றம் போகாததற்கு இந்தத் தீர்ப்பு ஒரு பெரிய காரணம்.

கேள்வி: மோகன் குமாரமங்கலம்தான் நிலக்கரியை நாட்டுடைமை ஆக்கினார் என்று தாத்தா சொல்வார். அதை எப்படிச் செய்தார்கள்? ஒரே நாளில் நடந்ததா?
– வாசகர், சேலம்

பதில்: உங்கள் தாத்தா சொன்னது சரி. குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தில் பிறந்தவர், பொதுவுடைமை இயக்கத்தில் வளர்ந்தவர், சென்னை மாநிலத்தின் அரசு தலைமை வழக்கறிஞராக இருந்தவர், 1971இல் புதுச்சேரியிலிருந்து காங்கிரஸ் சார்பில் மக்களவைக்குப் போனவர். உருக்கு, சுரங்கத்துறை அமைச்சராக இந்த வேலையை முன்னின்று நடத்தினார். 1973 மே 1 அன்று நாட்டுடைமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே மாதம் 31ஆம் தேதி டெல்லி அருகே விமான விபத்தில் இறந்துபோனார்.

ஒரே நாளில் நடக்கவில்லை. இரண்டு சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு படி. முதல் சுற்று உருக்காலைகளுக்குத் தேவையான கோக்கிங் நிலக்கரி. 1971 அக்டோபரில் நிர்வாகம் மட்டும் கைக்கு வந்தது. 1972 மே 1 முதல் 214 சுரங்கங்களும் 12 கோக் சூளைகளும் அரசுடைமையாயின, பாரத் கோக்கிங் கோல் நிறுவனம் அவற்றை ஏற்றது. டாடாவின் உருக்காலைக்கும் இந்தியன் அயர்ன் நிறுவனத்துக்கும் சொந்தமான சுரங்கங்கள் விடுபட்டன. இரண்டாம் சுற்றில் மற்ற நிலக்கரி. 1973 ஜனவரி 31இல் நிர்வாகம், மே 1இல் 711 சுரங்கங்களின் உடைமை. எல்லாவற்றையும் ஒரு குடைக்குள் கொண்டுவந்த கோல் இந்தியா 1975 நவம்பர் 1இல் பிறந்தது.

ஏன் முதலில் நிர்வாகம், பிறகு உடைமை? மசோதா வருகிறது என்று தெரிந்தால் போதும், சுரங்கத்தைக் காலி செய்ய முதலாளிக்குச் சில வாரங்களே வேண்டும். கயிற்று இழுவை எந்திரத்தையும் பம்புகளையும் விற்றுவிடலாம், கணக்குப் புத்தகத்தை மறைக்கலாம், தூணாக விட்டுவைத்த நிலக்கரியையும் வெட்டி எடுத்துவிடலாம். பம்பு நின்றால் ஆழ்சுரங்கத்தில் தண்ணீர் ஏறிவிடும், அதை மறுபடி இறைப்பது பெரும்பாடு. அதனால் அவசரச் சட்டத்தில் ஒரே இரவில் சாவியை வாங்கிவிட்டு, இழப்பீடு, பட்டியல், கடன் பாக்கி எல்லாவற்றையும் பின்னால் சட்டத்தில் எழுதினார்கள். ஒவ்வொரு சுரங்கத்துக்கும் கொடுக்க வேண்டிய தொகை சட்ட அட்டவணையிலேயே இருந்தது. அதைப் பகிர்ந்து கொடுக்க ஒரு கொடுப்பனவு ஆணையர் நியமிக்கப்பட்டார். தொழிலாளர் வைப்புநிதிப் பாக்கிக்கும் முதலாளியின் கடன்காரர்களுக்கும் இதில்தான் பங்கு.

தேவை இருந்ததா என்றால், இருந்தது. தனியார் காலத்தில் தடித்த, நல்ல படுகையை மட்டும் அவசரமாக வெட்டிவிட்டு மிச்சத்தைப் பாழாக்கும் பழக்கம் பரவியிருந்தது. வெட்டிய வெற்றிடத்தை மணலால் நிரப்பச் செலவு என்பதால் விட்டுவிடுவார்கள். மேலே நிலம் உள்வாங்கும், விரிசல் வழியாகக் காற்று புகுந்து நிலக்கரி தானே தீப்பிடிக்கும். இன்றைய ஜார்க்கண்டிலுள்ள ஜாரியாவில் 1916இலிருந்து எரியும் தீ அப்படி வந்தது. நாட்டின் தரமான கோக்கிங் நிலக்கரி பெரும்பாலும் அங்கேதான் கிடக்கிறது. அரசு எடுத்த பிறகும் அந்தத் தீ அணையவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அரசியல் சூழலையும் சேர்த்துப் பாருங்கள். 1971 அக்டோபரில் மேற்கு வங்கம் குடியரசுத் தலைவர் ஆட்சியில் இருந்தது. பீகாரில் ஆட்டம் காணும் கூட்டணி அரசு. 1973இல் இரண்டிலும் இந்திரா காந்தியின் தலைமையை ஏற்ற காங்கிரஸ் முதல்வர்கள். ஒடிசாவில் அந்த மார்ச்சில்தான் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்திருந்தது. பி.சி. ராயைப் போல எதிர்த்து நிற்கும் உயரத்தில் நிலக்கரி மாநிலங்களில் அப்போது யாரும் இல்லை.

கேள்வி: சிங்கரேணி மட்டும் எப்படித் தப்பியது?
– வாசகர், ஓசூர்

பதில்: தெலங்கானாவிலுள்ள சிங்கரேணி நிலக்கரி நிறுவனம் ஏற்கெனவே அரசுடைமை, அதுவும் மாநிலத்தின் உடைமை. 1945இல் நிஜாம் அரசு பெரும்பான்மைப் பங்கை வாங்கியது, 1956இல் அது ஆந்திரப் பிரதேசத்துக்கு வந்தது. மத்திய அரசு 1960இலிருந்து பங்குதாரராகச் சேர்ந்தது. இன்று தெலங்கானாவுக்கு 51 விழுக்காடு, மத்திய அரசுக்கு 49. 1973ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் சுரங்கங்களின் பட்டியலைத்தான் எடுத்தது என்பதால் இதைத் தொடவில்லை. மேற்கு வங்கம் 1950களில் கேட்டதும் ஏறக்குறைய இதே ஏற்பாட்டைத்தான். மாநில அரசு நிலக்கரி நிறுவனம் நடத்த முடியாது என்று சொல்பவர்களுக்குச் சிங்கரேணியைக் காட்டலாம்.

கேள்வி: ஒரு டன் நிலக்கரிக்கு மாநிலத்துக்கு எவ்வளவு கிடைக்கிறது? கணக்கு போட்டுக் காட்ட முடியுமா? எங்கே ஏமாற்றம் நடக்கும்?
– தொழிற்சங்க உறுப்பினர், நெய்வேலி

பதில்: 2012 மே மாதத்திலிருந்து நிலக்கரிக்கு ராயல்டி விலையில் 14 விழுக்காடு, பழுப்பு நிலக்கரிக்கு 6 விழுக்காடு. கணக்குக்காக ஒரு டன் நிலக்கரி 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராயல்டி 210 ரூபாய். 2015 ஜனவரி 12க்கு முன் கொடுத்த குத்தகை என்றால் மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கு ராயல்டியில் 30 விழுக்காடு, அதாவது 63 ரூபாய். கனிம ஆய்வு அறக்கட்டளைக்கு 2025 திருத்தம் வரை 2 விழுக்காடு, 4 ரூபாய் 20 காசு; அதன் பிறகு 3 விழுக்காடு, 6 ரூபாய் 30 காசு. அது மத்திய அரசின் கணக்கு.

இதன் பக்கத்தில் இன்னொரு தொகையை வையுங்கள். 2010இல் டன்னுக்கு 50 ரூபாயாகத் தொடங்கிய தூய எரிசக்தி செஸ் என்ற கூடுதல் வரி 2014இல் 100, 2015இல் 200, 2016இல் 400 ரூபாய் ஆனது. அது டெல்லி விதித்து டெல்லி வசூலித்த பணம். 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அதே 400 ரூபாய் இழப்பீட்டு செஸ் என்ற பெயரில் தொடர்ந்தது. 2025 செப்டம்பர் 22இல்தான் எடுத்தார்கள், பதிலுக்கு நிலக்கரிக்கான ஜி.எஸ்.டி. 5இலிருந்து 18 விழுக்காடு ஆனது. அதுவரை நம் 1,500 ரூபாய் நிலக்கரியில் குழியைச் சுமக்கும் மாநிலத்துக்கு 210, செஸ் 400. விலை குறைந்த மட்ட நிலக்கரி அதிகமுள்ள ஒடிசாவும் சத்தீஸ்கரும் இதைச் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போயின.

எங்கே கசியும் என்று கேட்டீர்கள். முதலாவது, தரம். நிலக்கரியின் விலை அதன் வெப்ப அளவைப் பொறுத்த தரத்தால் தீர்மானமாகிறது. தரத்தை ஒரு படி குறைத்து எழுதினால் விலை குறையும், ராயல்டி தானாகக் குறையும். மாநிலச் சுரங்கத்துறை மாதிரி எடுக்கும்போது உடன் நிற்கிறதா, ஏற்றுமிடத்தில் தனியாக மாதிரி எடுக்கிறதா என்பதைப் பாருங்கள். இரண்டாவது, கழுவுமிடம். 1960ஆம் ஆண்டுக் கனிமச் சலுகை விதிகளின் 64பி என்ன சொல்கிறது என்றால், குத்தகைப் பரப்புக்குள்ளேயே கழுவிச் சுத்தம் செய்தால் வெளியேறும் கழுவிய நிலக்கரிக்கு ராயல்டி. கழுவும் ஆலை எல்லைக்கு வெளியே இருந்தால் குழியிலிருந்து வந்தபடியே ராயல்டி. கழுவிய நிலக்கரிக்கு விலை அதிகம். ஆகவே ஆலை எல்லைக் கல்லுக்கு எந்தப் பக்கம் என்பதில் கோடிக்கணக்கான ரூபாய் நிற்கிறது. ஜார்க்கண்ட் கேட்கும் பாக்கியில் ஒரு தலைப்பே கழுவிய நிலக்கரி ராயல்டிதான்.

மூன்றாவது, எல்லாவற்றிலும் பெரியது, காலம். ராயல்டியை மூன்றாண்டுக்கு ஒருமுறைக்கு மேல் உயர்த்தக் கூடாது என்றுதான் சட்டம் சொல்கிறது. மூன்றாண்டுக்கு ஒருமுறையாவது உயர்த்த வேண்டும் என்று அது சொல்லவில்லை. 1981 பிப்ரவரிக்குப் பிறகு 1991 ஆகஸ்டில்தான் மாற்றினார்கள். அன்று ராயல்டி விலையில் விழுக்காடாக இல்லை, டன்னுக்கு இத்தனை ரூபாய் என்று இருந்தது. பத்தாண்டுப் பணவீக்கத்தில் அது கரைந்தே போனது.

கேள்வி: தமிழ்நாட்டு சிமென்ட் வழக்கு ஒன்றால் நிலக்கரி மாநிலங்கள் எல்லாம் பாதிக்கப்பட்டன என்கிறார்களே, அது எப்படி? 2024இல் வந்த தீர்ப்பு அதை மாற்றிவிட்டதா?
– வழக்கறிஞர், திருநெல்வேலி

பதில்: முந்தைய பதிலின் தொடர்ச்சி இது. டெல்லி ராயல்டியை உயர்த்தாமல் வைத்திருந்தபோது பீகார், ஒடிசா, மத்தியப் பிரதேசம் எல்லாம் ராயல்டியின் மேல் செஸ் போட ஆரம்பித்தன, சில இடங்களில் ராயல்டியைப் போலப் பல மடங்கு. தமிழ்நாட்டில் தொகை சின்னது. 1958ஆம் ஆண்டுச் சென்னைப் பஞ்சாயத்துச் சட்டத்தின் 115ஆவது பிரிவில் நிலவரி ரூபாய்க்கு 45 காசு உள்ளாட்சி செஸ். சுண்ணாம்புக்கல்லுக்குக் கட்டும் ராயல்டியையும் நிலவரியாகக் கணக்கில் எடுக்கலாம் என்று ஒரு விளக்கத்தைப் பின்னால் சேர்த்தார்கள். இந்தியா சிமென்ட்ஸ் எதிர்த்தது. 1989 அக்டோபர் 25இல் ஏழு நீதிபதிகள் அமர்வு அந்த செஸ் செல்லாது என்றது. கூடவே, ராயல்டி ஒரு வரி என்றும் எழுதிவிட்டது.

45 காசு செஸ்ஸுக்கு விழுந்த அடி நிலக்கரி மாநிலங்களின் வரவுசெலவில் இறங்கியது. 1991 ஏப்ரல் 4இல் ஒடிசா சிமென்ட் வழக்கில் அங்குள்ள செஸ்ஸும் போனது. அதுவரை வசூலித்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்று நாடாளுமன்றம் 1992இல் ஒரு செல்லுபடியாக்கல் சட்டம் போட்டுக் காப்பாற்றியது. 1991 ஆகஸ்டில் ராயல்டி உயர்ந்ததும் இந்த நெருக்கடியால்தான். மேற்கு வங்கம் மட்டும் தன் செஸ்ஸை விடவில்லை. அதற்குப் பதிலாக அங்கு ராயல்டி டன்னுக்குச் சில ரூபாய் என்ற பழைய அளவிலேயே நிறுத்தப்பட்டது. மற்ற மாநிலங்களில் விழுக்காட்டுக் கணக்கு, அங்கே சில ரூபாயா என்று ராயல்டி அட்டவணையைப் பார்த்துக் குழம்புபவர்களுக்கு விடை இதுதான்.

2004 ஜனவரியில் கேசோராம் வழக்கில் ஐந்து நீதிபதிகள் மேற்கு வங்க செஸ்ஸை ஏற்றார்கள். 1989 தீர்ப்பில் தட்டச்சுப் பிழை நேர்ந்திருக்கிறது, ராயல்டியின் மேல் போடும் செஸ்தான் வரி என்று இருந்திருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். ஐவர் அமர்வு எழுவர் அமர்வைத் திருத்த முடியுமா என்ற கேள்வி எழுந்து 2011இல் ஒன்பது நீதிபதிகளுக்குப் போனது.

2024 ஜூலை 25இல் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. ராயல்டி வரி அல்ல, கனிமத்தை எடுக்கும் உரிமைக்காகக் குத்தகைக்காரர் கொடுக்கும் விலை. கனிம உரிமை மேல் வரி போடும் அதிகாரம் மாநிலப் பட்டியலின் 50ஆம் இனத்தில் மாநிலத்திடம் இருக்கிறது. கனிமம் உள்ள நிலத்துக்கு 49ஆம் இனத்தின் கீழும் வரி போடலாம், வெட்டிய அளவை வைத்தே கணக்கிடலாம். நீதிபதி நாகரத்னா மாறுபட்டார். மாநிலங்கள் போட்டிபோட்டு வரியை ஏற்றிவிடும் என்பது அவர் கவலை. ஆகஸ்ட் 14இல் தொடர் உத்தரவு வந்தது. 2005 ஏப்ரல் 1க்கு முந்தைய பரிவர்த்தனைகளுக்கு வரி கேட்கக் கூடாது, பழைய பாக்கியை 2026 ஏப்ரல் 1இலிருந்து பன்னிரண்டு ஆண்டுத் தவணையில் வாங்க வேண்டும், தீர்ப்பு நாளுக்கு முந்தைய காலத்துக்கு வட்டியும் அபராதமும் கிடையாது.

உங்கள் மாவட்டத்துக்கு நேரடி விளைவு உண்டு. தமிழ்நாடு கனிமம் உள்ள நிலங்களுக்கான வரிச் சட்டத்தைக் கொண்டுவந்து 2025 ஏப்ரல் 4 முதல் நடைமுறைப்படுத்தியது. சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய்.

ஒரு எச்சரிக்கை. 50ஆம் இனத்திலேயே, கனிம வளர்ச்சிக்காக நாடாளுமன்றம் விதிக்கும் வரம்புகளுக்கு உட்பட்டு என்ற சொற்கள் இருக்கின்றன. இன்று இருக்கும் சட்டத்தில் அப்படி வரம்பு இல்லை என்றுதான் நீதிமன்றம் சொன்னது. நாளை நாடாளுமன்றம் ஒரு உச்சவரம்பை எழுதினால் இந்த வெற்றி சுருங்கும். மாநிலக் கட்சிகளின் எம்.பி.க்கள் ஒவ்வொரு சுரங்கச் சட்டத் திருத்த மசோதாவையும் வரி வரியாகப் படிக்க வேண்டியது இதற்காகத்தான்.

கேள்வி: ஜார்க்கண்ட் கேட்கும் 1.36 லட்சம் கோடி ரூபாய் எதற்கு?
– வாசகர், சென்னை

பதில்: நிலக்கரி நிறுவனங்கள் தர வேண்டியது என்று மூன்று தலைப்பில் கேட்கிறார்கள். நிலத்துக்கான இழப்பீடு வட்டியோடு சுமார் 1,01,142 கோடி, சுற்றுச்சூழல் அனுமதியை மீறி வெட்டியதற்காக 32,000 கோடி, கழுவிய நிலக்கரி ராயல்டி 2,900 கோடி. நிலக்கரி வருவாயிலிருந்து வரிப் பங்காக அப்படி எதுவும் நிலுவையில் இல்லை என்று மத்திய நிதித்துறை 2024 டிசம்பரில் மக்களவையில் பதில் சொன்னது. இரு தரப்பும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். மாநிலம் கேட்பது வரிப் பங்கு அல்ல. இழப்பீட்டுக் கணக்கை மாவட்டவாரியாக இரு தரப்பும் உட்கார்ந்து சரிபார்க்காதவரை இது அறிக்கைப் போராகவே நீளும்.

கேள்வி: நெய்வேலிப் பங்குகளைத் தமிழ்நாடு அரசு வாங்கியது ஏன்? அதனால் ஏதாவது அதிகாரம் கிடைத்ததா?
– வாசகி, சிதம்பரம்

பதில்: நாட்டுடைமையில் வந்த மோதல் பங்கு விற்பனையில் திரும்பி நின்று வந்தது. முன்பு மாநிலம், எங்களிடமிருந்து எடுக்காதே என்றது. இப்போது, எடுத்ததைத் தனியாருக்கு விற்காதே என்றது.

2006 ஜூனில் மத்திய அமைச்சரவைக் குழு நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் பங்குகளில் 10 விழுக்காட்டை விற்க ஒப்புதல் கொடுத்தது. கூட்டணியில் இருந்த தி.மு.க. கடுமையாக எதிர்த்தது. ஜூலையில் பிரதமர் மன்மோகன் சிங் அதை மட்டுமல்ல, எல்லாப் பங்கு விற்பனை முடிவுகளையும் நிறுத்திவைத்தார். 2013இல் வேறு நெருக்கடி. பட்டியலிட்ட பொதுத்துறை நிறுவனங்களில் குறைந்தது 10 விழுக்காடு பொதுமக்களிடம் இருக்க வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் செபியின் அன்றைய விதி, கெடு அந்த ஆகஸ்ட். மத்திய அரசிடம் 93.56 விழுக்காடு இருந்தது. 3.56 விழுக்காட்டை விற்றாக வேண்டும். ஜூலையில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலமைச்சர் ஜெயலலிதா அந்தப் பங்கைத் தமிழ்நாடு அரசின் நிறுவனங்களே வாங்கும் என்றார். டிட்கோ, சிப்காட், தொழில் முதலீட்டுக் கழகம் உள்ளிட்ட ஐந்து நிறுவனங்கள் பங்கு ஒன்று சுமார் 60 ரூபாய் விலையில், ஏறத்தாழ 358 கோடிக்கு வாங்கின. செபியின் கண்ணில் அவை பொதுப் பங்குதாரர்கள் என்பதால் விதியும் நிறைவேறியது, தனியாருக்கும் போகவில்லை. இதைவிட நேர்த்தியான ஒரு தீர்வை இந்தச் சண்டையின் வரலாற்றில் நான் காணவில்லை.

அதிகாரம் கிடைத்ததா என்றால், பெரிதாக இல்லை. 3.56 விழுக்காட்டுக்கு இயக்குநர் குழுவில் உரிமையாக இடம் கேட்க முடியாது. சிறப்புத் தீர்மானத்தைத் தடுக்க நான்கில் ஒரு பங்குக்கு மேல் வாக்கு வேண்டும். பங்காதாயம் வரும், பொதுக்கூட்டத்தில் கேள்வி கேட்கலாம், அவ்வளவுதான். நெய்வேலியில் மாநிலத்தின் உண்மையான பிடி நிலத்தில் இருக்கிறது. அங்கே நிலம் எடுத்துக் கொடுப்பது மாநில வருவாய்த்துறைதான்.

கேள்வி: டெல்டாவில் 2023இல் ஏல அறிவிப்பு வந்தது, பிறகு விலக்கினார்கள். மறுபடி வந்தால் மாநில அரசு மறுக்க முடியுமா? ஊர்க்காரர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?
– விவசாயி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: 2023 மார்ச் இறுதியில் நிலக்கரி அமைச்சகம் வெளியிட்ட ஏலப் பட்டியலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே உள்ள பகுதி ஆகிய மூன்று பழுப்பு நிலக்கரித் தொகுதிகள் இருந்தன. மாநிலத்தைக் கேட்காமலே சேர்த்திருந்தார்கள். தமிழ்நாடு 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் போட்டிருந்தது. முதலமைச்சர் ஸ்டாலின் கடிதம் எழுதினார், எல்லாக் கட்சிகளும் எதிர்த்தன, ஏப்ரல் 8இல் விலக்கினார்கள். மேலூர் பக்கம் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதியிலும் இதேதான் நடந்தது. 2024 நவம்பரில் ஏலம் முடிந்தது, டிசம்பரில் சட்டமன்றத் தீர்மானம் வந்தது, 2025 ஜனவரி 23இல் ஏலம் ரத்தானது. இரண்டிலும் வென்றது அரசியல் அழுத்தம். நீதிமன்றத்தில் சோதித்துப் பார்க்கவில்லை. ஆகவே மறுபடி வராது என்று சட்டப்படி யாரும் உறுதி தர முடியாது. டங்ஸ்டன் போன்ற முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் 2023 திருத்தத்துக்குப் பிறகு மத்திய அரசிடமே இருக்கிறது. வருவாய் மாநிலத்துக்குத்தான், ஆனால் முடிவு மாநிலத்தினுடையது அல்ல.

ஏலம் வேறு, தோண்டுவது வேறு. ஏலம் எடுத்தவருக்கும் குத்தகைப் பத்திரத்தில் மாநிலம் கையெழுத்திட வேண்டும், நிலம் வேண்டும், சுற்றுச்சூழல் அனுமதிக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். ஒவ்வொன்றிலும் மாநிலத்துக்கு இடம் உண்டு.

வடக்கே நிலக்கரி மாவட்டங்களில் மத்திய அரசு 1957ஆம் ஆண்டுக் கையகப்படுத்தல் சட்டத்தைப் பயன்படுத்துகிறது. அந்தப் படிகளைத் தெரிந்துகொள்வது நல்லது. 4ஆம் பிரிவு அறிவிக்கை வந்தால் ஆய்வுக்காகத் துளையிட நிலத்துக்குள் வரலாம். அது இரண்டாண்டு செல்லும், இன்னும் ஓராண்டு நீட்டலாம். அதற்குள் 7ஆம் பிரிவு அறிவிக்கை, அதாவது எடுக்கப்போகிறோம் என்ற அறிவிப்பு வர வேண்டும். அந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்க 8ஆம் பிரிவு வழி தருகிறது. 9ஆம் பிரிவு பிரகடனம் வந்து அரசிதழில் ஏறினால் 10ஆம் பிரிவின்படி நிலம் மத்திய அரசுடையது. மாநில அரசின் குத்தகைக்கு விடாத நிலமாக இருந்தால் 9ஆம் பிரிவுக்கு முன் மாநிலத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும். சம்மதம் வாங்க வேண்டும் என்று இல்லை.

பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது அந்த 30 நாளில். அறிவிக்கை அரசிதழில் வரும், ஊருக்குச் செய்தி தாமதமாக வரும். ஆட்சேப மனுவில் சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, பாசன ஆதாரம், பட்டாதாரர் பெயர் இவற்றைக் குறிப்பிட்டு, ஒவ்வொரு பட்டாதாரரும் தனித்தனியாகக் கையெழுத்திட்டு, சேர்ந்ததற்கான ஒப்புகை கிடைக்கும்படி விரைவு அஞ்சலில் அனுப்ப வேண்டும். ஊர் மொத்தமாக ஒரே மனு கொடுத்தால், நேரில் விசாரிக்கக் கேட்கும் தனி உரிமை யாருடையது என்ற குழப்பம் வரும். கிராம சபைத் தீர்மானத்தின் நகலை எல்லா மனுக்களிலும் இணையுங்கள், சிட்டாவும் அடங்கல் நகலும் இப்போதே வாங்கி வையுங்கள்.